மறைப்பும் அருளும்: யூதர் மறைஞானத்தை ஆய்ந்த ஓர் உளநூலறிஞர்

தொண்டைநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றாகிய திருவலிதாயம், சென்னைக்கு மேற்கே பாடி என வழங்கும் ஊரின்கண் உள்ளது. ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிகம் பெற்ற அத்தலத்தில், பரத்துவாச முனிவர் வலியன் என்னும் கரிக்குருவியின் வடிவு கொண்டு இறைவனை வழிபட்டனர் எனத் தலபுராணம் கூறும். கண்டவர் குருவியைக் கண்டனரே யன்றி உள்ளிருந்த முனிவரைக் கண்டிலர். வடிவு ஒன்றாக, உள்ளிருப்பது வேறாக நிற்றலை உணர்த்தும் அக்கதையை ஈண்டு எடுத்துக் கூறுதற்குக் காரணம் உண்டு.

சின்னாட்களுக்குமுன் அத்திருக்கோயிலின் வாயிலில் ஒருவன் ஆடை குலைந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு அமர்ந்திருந்தான். "இவன் நடிக்கின்றான், சோறு கண்டால் தெளிந்துவிடுவான்" என்றார் அங்கு நின்ற ஒருவர். "அன்று, முன்செய்த வினை இவனை இவ்வாறு ஆட்டுகின்றது, நாம் என் செய்ய வல்லோம்?" என்றார் மற்றொருவர். மூன்றாமவர் ஒருவர் ஒன்றும் உரையாது தம் கையிலிருந்த பிரசாதத்தை அவன்முன் வைத்துச் சென்றனர். முதலாமவர் கூறியது பொய்ம்மை பற்றிய ஐயம். இரண்டாமவர் கூறியது நம் நூல்களின் பெயரால் அடிக்கடி சொல்லப்படுவது. இவ்விரண்டும் ஆராயாது சொல்லப்பட்டன என்பது நம் கருத்து.

ஒருவன் உள்ளத்தில் மறைந்திருப்பதைப் பிறனொருவன் எங்ஙனம் அறிவான்? மறைப்பது யாது? எதன்பொருட்டு அம்மறைப்பு நிகழ்கின்றது? இவ்வினாக்களை நெஞ்சிற்கொண்டு, அமெரிக்க நாட்டு உளநூலறிஞராகிய ஸான்ஃபோர்ட் டிராப் என்பவரின் நூல்களை யாம் பயின்றோம். பரபக்கத்தை அதன் வலி குன்றாமல் முதற்கண் உரைத்து, பின்னரே சுபக்கம் நிறுவுதல் அருணந்தி சிவனார் காட்டிய நெறியாதலின், அந்நெறி பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

1. ஆசிரியரும் அவர்தம் நூல்களும்

டிராப் அவர்கள் தத்துவநூலில் ஒன்றும் மருத்துவ உளநூலில் ஒன்றுமாக இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர். நியூயார்க்கு நகரத்துப் பெல்வியூ மருத்துவமனையில், நீதிமன்றத்தால் அனுப்பப்படுவோரின் மனநிலையைப் பரிசோதிக்கும் துறையிற் பல்லாண்டு பணியாற்றியவர். ஃபீல்டிங் பல்கலைக்கழகத்தில் உளநூல் ஆசிரியராகவும் விளங்கினர். பகற்பொழுது குற்றஞ்சாட்டப்பட்டோரின் உள்ளத்தை ஆராய்தலும், எஞ்சிய பொழுது யூதரின் மறைஞானமாகிய கப்பாலாவை ஆராய்தலுமாக அவர்தம் வாழ்க்கை அமைந்தது எனலாம்.

'கப்பாலாவின் குறியீடுகள்', 'கப்பாலா உருவகங்கள்' என்னும் இரு நூல்கள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தன. முன்னது அம்மறைஞானத்தின் குறியீடுகளைத் தத்துவ நோக்காலும் உளநூல் நோக்காலும் விளக்குவது. பின்னது இந்தியச் சிந்தனை, பிளேட்டோ, ஹெகல், பிராய்டு, யுங் முதலியோர் கருத்துக்களோடு அதனை ஒப்பிடுவது. 2010-இல் யுங் என்பவருக்கும் யூத மறைஞானத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு நூலும், 2017-இல் எதிர்மறைகள் ஒன்றுபடுதல் பற்றி 'முழுமுதலின் மூலவடிவம்' என்ற பொருள்பட ஒரு நூலும் அவர் இயற்றினர்.

யூதர் நமக்கு முற்றும் அயலார் அல்லர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த அவர்தம் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் வைரமும் பவழமும் வாணிகஞ் செய்யச் சென்னைக்கு வந்த யூதவணிகரின் நினைவு பவழக்காரத் தெருவின் பெயரில் நிற்கின்றது. அவர்களோடு பண்டம் மாற்றிய நம்மவர் கருத்தும் மாற்றிக்கொள்ளல் தகாதது அன்று.

2. நீதிமன்றத்தில் உள்ளம்

பித்தர் செய்த குற்றத்திற்குத் தண்டனை உண்டோ என்னும் வினா பழையது. 1843-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மக்னாட்டன் என்பவன் முதலமைச்சரின் செயலாளராகிய டிரம்மண்டு என்பவரைச் சுட்டுக் கொன்றான். அவ்வழக்கின்பின், மனநோயால் தன் செயல் இன்னதென்றோ அது தவறென்றோ அறியமாட்டாதவன் குற்றவாளியாகான் என்னும் விதி வகுக்கப்பட்டது. அவ்விதியே 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 22-ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது.

இவ்விதி உளதாகவே, பித்து இல்லாதவன் பித்துடையான்போல் நடித்துத் தப்பலாம் என்னும் ஐயமும் உடன் எழுந்தது. அந்நடிப்பைக் கண்டறிதல் நீதிமன்ற உளநூலாரின் தொழில்களுள் ஒன்று. 2009-இல் டிராப் அவர்கள் வேறிருவருடன் சேர்ந்து, ஒருவனைப் 'பாசாங்கு செய்பவன்' என்று முடிவுகட்டுவதில் உள்ள சிக்கல்களைப் பற்றி மருத்துவ சட்டத்துறை இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினர். அதிற் கருதத்தக்கவற்றை நம் சொல்லாற் கூறுவோம்.

முதலாவது, பாசாங்கு என்பது அறிந்து கருதிச் செய்யும் வஞ்சனை. செயல் கண்ணுக்குப் புலனாகும், கருத்துப் புலனாகாது. ஆதலின் வஞ்சக்கருத்து இருந்தது என்பது காட்சியன்று, அனுமானமே. இரண்டாவது, நோயும் நடிப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உண்மையாகவே பிணியுற்றவன், தன்னை நம்பமாட்டார்கள் என்று அஞ்சித் தன் துன்பத்தை மிகைப்படுத்திக் கூறலாம். மூன்றாவது, சோதனை எத்துணை நுட்பமாயினும் தொகைநோக்கிப் பிழைபடும்.

இம்மூன்றாவதை ஓர் எண்ணால் விளக்குவோம். நூறுபேர் பரிசோதிக்கப்படுவதாகவும் அவருள் பத்துப்பேரே நடிப்பவராகவும் கொள்க. சோதனை பத்துக்கு ஒன்பது மெய்யாக உரைப்பது என வைத்துக்கொள்க. நடிப்பவர் பதின்மருள் ஒன்பதின்மர் அகப்படுவர். மெய்யாகவே பிணியுற்ற தொண்ணூற்றுவருள்ளும் பத்தில் ஒருவராக ஒன்பதின்மர் தவறாக அகப்படுவர். ஆகப் 'பொய்யன்' என்று முத்திரையிடப்பட்ட பதினெண்மருள் பாதிப்பேர் குற்றமற்றோர். பத்துக்கு ஒன்பது மெய்யுரைக்கும் சோதனையே இவ்வாறாயின், வாயிலில் நின்று ஒருகணம் நோக்கி 'நடிக்கின்றான்' என்பார் கூற்று என்னாம்?

உள்ளத்தைக் கருவியால் வலிந்து திறக்க முயன்றதும் உண்டு. மருந்து செலுத்திப் பேசுவித்தல், நாடித்துடிப்பும் மூச்சும் அளந்து பொய் காணுதல், மூளையின் மின்னலைகளைப் பதிதல் ஆகிய மூன்றையும் ஒருவர் இசைவின்றி அவர்மேற் செலுத்தல் ஆகாது என, செல்வி என்பார்க்கும் கருநாடக அரசுக்கும் நிகழ்ந்த வழக்கில் 2010 மே 5-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சான்று பகருமாறு எவரையும் வலியுறுத்தலாகாது என்னும் அரசியற் சாசன விதியே அதற்கு ஆதாரம். மறைந்திருப்பதை அறிய விழைவார்க்கு ஓர் எல்லை உண்டு என்பதை நீதிமன்றமும் ஒப்பிற்று.

3. இதனைச் சித்தாந்தம் நோக்குமாறு

சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று எனவும், அவற்றோடு கூடியே அறிவது எனவும், சகசமலத்தால் தானே உணரமாட்டாது எனவும் அறிவுறுத்துகின்றது. மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் அமைச்சர், ஆன்மா அரசன். அமைச்சர் கொண்டுவரும் செய்தியைக்கொண்டே அரசன் நாட்டை அறிவான். அமைச்சர் நோயுற்றால் அரசன் அறிவும் பிழைபடும். அதுபற்றி அரசன் இறந்துபட்டான் என்றல் கூடாது. பித்துற்றான் உள்ளும் ஆன்மா குறைவற உளது, குறைவுற்றது கருவியே என்பது இதனாற் பெறப்படும். உளநூலாருட் சிலர் மனத்தையே ஆளாகக் கொண்டு, மனம் கெட்டபோது ஆளும் கெட்டான் என்பர். நம் ஆசிரியர் அங்ஙனம் கொண்டிலர்.

இனி, பாசாங்கினை அறிதல் ஏன் அரிது என்பதற்கு உளநூலார் கூறும் காரணத்தினும் ஆழ்ந்த காரணம் ஒன்று நம்மிடம் உளது. புறத்திருள் பொருள்களை மறைத்தாலும் 'நான் இருள்' என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனிற் காட்டிய வேறுபாடு. ஆகவே ஒருவன் பிறரை ஏய்க்குமுன் தன்னைத்தான் ஏய்த்துக்கொள்கின்றான். ஏய்ப்பது தனக்கே தெரியாமலும் ஏய்க்கின்றான். அறிந்து செய்த பொய்க்கும் அறியாது விளைந்த மயக்கத்துக்கும் நடுவே நேர்கோடு இழுத்தல் இயலாது என்று டிராப் அவர்கள் மருத்துவமனை அனுபவத்தாற் கண்டது, மலத்தின் இயல்பை அறிந்தார்க்கு வியப்பன்று. அவ்விருள் ஆராயப்படுவானிடத்து மட்டும் அன்றி ஆராய்வானிடத்தும் உண்டு என்பதே நாம் மேலும் கூறுவது.

அற்றேல், பித்தும் அவன் செய்த வினையின் பயனேயன்றோ? வினைப்பயனை அவன் நுகர்ந்து கழிக்கட்டும். நாம் இடையிற் புகுதல் எற்றுக்கு எனின், கூறுதும். வினைப்பயனை ஊட்டுதல் மருத்துவன் செயல் போல்வது எனவும், அரசன் செய்யும் ஒறுப்பும் ஈசன் அருள்வழிப்பட்டது எனவும் சிவஞான சித்தியார் கூறும். ஒறுப்பு மருந்தாயின், கொள்வான் உடல்நிலை நோக்கியே கொடுக்கப்படல் வேண்டும். இன்னது செய்தேன், அது தீது என உணரும் கருவி இழந்தவனுக்கு ஒறுப்பு மருந்தாகாது. நோய்தீர்க்கும் மருத்துவமே அவனுக்கு மருந்து. அன்றியும், அவன் வினை அவனைச் சாரும் என்பது மெய்யாயின், கண்டும் இரங்காமை என்னும் நம் வினை நம்மைச் சாரும் என்பதும் மெய்யே. தன் துன்பத்தைப் பொறுத்தற்கு வினைக்கொள்கை துணையாகுக. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமைக்கு அது துணையாதல் கூடாது.

4. கப்பாலா கூறும் மறைப்பு

இனி அவ்வாசிரியரின் மற்றொரு துறைக்கு வருவோம். கப்பாலா என்னும் எபிரேயச் சொற்குப் பெற்றுக்கொள்ளப்பட்டது, அஃதாவது வழிவழி வந்த உபதேசம் என்பது பொருள். அதன் தலையாய நூலாகிய ஸோகார் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டில் வெளிப்பட்டது. மெய்கண்டார் நம் நாட்டில் உபதேசம் செய்ததும் அந்நூற்றாண்டே. 1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்டபின், கலிலேயாவிலுள்ள ஸஃபேத் என்னும் மலையூர் அம்மறைஞானத்துக்கு நிலைக்களம் ஆயிற்று. 1534-இற் பிறந்து 1572-இல் மறைந்த ஈசாக்கு லூரியா அங்கு உபதேசித்தார். தாம் மிகச்சிலவே எழுதினர். அவர் மாணாக்கராகிய ஹாயிம் விட்டால் முதலியோர் அவ்வுபதேசத்தை எழுதி வைத்தனர்.

லூரியாவின் கொள்கை வருமாறு. எல்லையற்ற பரம்பொருளுக்கு 'ஏன் ஸோஃப்' என்று பெயர். எங்கும் அதன் ஒளியே நிறைந்திருந்தமையின் வேறொன்று தோன்ற இடம் இல்லை. ஆகவே பரம்பொருள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. இச்சுருக்கம் 'ஸிம்ட்ஸும்' எனப்படும். ஒழிந்த வெளியில் அதன் ஒளி பாய்ந்து, 'செஃபிரோத்' என்னும் பத்துக் குணக்கலங்களாக அமைந்தது. ஒளியின் மிகுதியைத் தாங்கமாட்டாது கலங்களுட் பல உடைந்தன. உடைந்த துண்டுகளோடு ஒளிப்பொறிகளும் வீழ்ந்து, 'கெலிப்போத்' என்னும் ஓடுகளுள் அல்லது உமிகளுள் அகப்பட்டன. தீமை என்பது அவ்வோடுகளே. மனிதர் அறத்தாலும் வழிபாட்டாலும் அப்பொறிகளை மீட்டு மேலேற்றல் வேண்டும். அவ்வாறு செப்பனிடுதல் 'திக்குன்' எனப்படும். கெர்ஷம் ஷோலெம் என்னும் பேரறிஞர் 1941-இல் வெளியிட்ட யூத மறைஞான வரலாற்று நூலால் இக்கொள்கை மேனாட்டாரிடைப் பரவிற்று.

டிராப் அவர்கள் இதனை உலகத் தோற்றக் கதையாக மட்டும் கொள்ளாது, மனித உள்ளத்தின் வரலாறாகவும் கொள்கின்றனர். பிராய்டு கூறிய உள்ளமுக்கம் ஸிம்ட்ஸுமுக்கு ஒப்பாகும். அமுக்கப்பட்டுப் பிரிந்துபோன உள்ளக் கூறுகள் ஓடுகளுள் அகப்பட்ட பொறிகளுக்கு ஒப்பாகும். அவற்றை அறிவுக்கு மீட்டுக் கொணரும் உளமருத்துவம் திக்குனுக்கு ஒப்பாகும். யுங் என்பார் 1944-இல் மாரடைப்புற்றுக் கிடந்தபோது, மாதுளைச் சோலையில் இரண்டு செஃபிரோத்துக்களின் திருமணத்தைக் கண்டதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினர். 'மாதுளைச் சோலை' என்பது லூரியாவின் ஆசிரியராகிய மோசே கோர்தோவேரோ இயற்றிய நூலின் பெயர். அக்காட்சியையும் டிராப் அவர்கள் விரித்து ஆராய்கின்றனர். இவை அனைத்திலும் அவர் வற்புறுத்துவது ஒன்று: மறைப்பு ஆக்கத்துக்கு மாறானது அன்று; மறைப்பின்றி ஆக்கம் இல்லை.

5. ஒப்புமையும் வேற்றுமையும்

இதனைக் கேட்ட அளவில் சைவர் உள்ளத்தில் திரோதானம் நினைவுக்கு வரும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தொழில் கூறும் நாம், மறைத்தலையும் இறைவன் தொழிலாகவே கொண்டோம். திரோதான சத்தியை மலத்துள் வைத்து எண்ணியதும் மலத்தோடு நின்று அதனைச் செலுத்துதல் பற்றிய உபசாரமே. உண்மையில் அது அருளே. மறைப்பு ஆக்கத்துக்கு வேண்டுவது என்பதில் இருசாராரும் ஒத்தனர். இவ்வொற்றுமை சிறிதன்று. உமி என்னும் உவமையும் இருவர்க்கும் பொது. நெல்லுக்கு உமியும் தவிடும் முளையும் உடனிருத்தல்போல உயிர்க்கு மும்மலம் உடனுள என்பது நம் நூல்களிற் பயின்ற உவமை.

ஆயினும் ஒத்த சொற்கண்டு கொள்கையும் ஒன்றே என மயங்குதல் ஆராய்ச்சியாகாது. வேற்றுமை மூன்று உள.

முதலாவது, ஸிம்ட்ஸும் என்பது விலகுதல். திரோதானம் விலகுதல் அன்று. நம் முதல்வன் உயிரோடு உடனாய் நின்றே தன்னைக் காட்டாது நிற்கின்றான். கண்ணிற் படலம் எடுத்த மருத்துவன் அக்கண்ணைத் துணியாற் கட்டுகின்றான். கட்டியது ஒளியை மறைக்கவே. மறைத்தது ஒளி தருதற்கே. கட்டிய மருத்துவன் அவ்வறையை விட்டு நீங்கினானும் அல்லன். யூத ஞானியருள்ளும் சிலர் ஸிம்ட்ஸுமைச் சொல்லளவில் விலகலாகக் கொள்ளலாகாது, தோற்றமாத்திரமே என்று உரைத்தனர். அவர் கொள்கை நமக்கு அணிமையது.

இரண்டாவது, தீமையின் தோற்றம். லூரியாவின் கொள்கையில் உமியும் இறைவன் ஒளியிலிருந்து போந்த கலத்தின் சிதைவே; உள்ளிருக்கும் பொறியும் இறைவனின் கூறே. ஆகவே கட்டுண்டதும் அவன், கட்டும் அவன்வழி வந்தது என முடியும். நமக்கோ உமி அநாதியே நெல்லொடு உள்ளது. உழவன் உண்டாக்கியது அன்று. உள்ளிருக்கும் அரிசியும் உழவனின் கூறு அன்று. இறைவன் குயவன்போல நிமித்த காரணன். மலத்தை அநாதி என்றால் இறைவனுக்கு எல்லை கட்டியதாகாதோ எனின், ஆகாது. சத்தின் எதிரே அசத்து விளங்காது என்பது ஏழாம் சூத்திரத்தாற் பெறப்படும். ஞாயிற்றின்முன் இருள் உளதாயினும் எதிர்நிற்றல் இல்லை. அதுபோல மலம் உயிரைப் பற்றுமன்றி இறைவனைப் பற்றாது.

இவ்வேற்றுமை ஏட்டளவில் நிற்பது அன்று. தீமை இறைவனிடமே வேர்கொண்டது என்பார், குற்றவாளியின் குற்றத்தை இறுதியில் இறைவன்மேல் ஏற்றுதல் வேண்டும். தீமை மனிதனின் இயல்பே என்பார், அவன் திருந்துவான் என்னும் நம்பிக்கையை விடுதல் வேண்டும். சித்தாந்தம் இரண்டும் கூறாது. களிம்பு செம்பொடு உடன்பிறந்தது. எனினும் செம்பு களிம்பன்று. குற்றம் உயிரோடு உள்ளது. எனினும் உயிர் குற்றமன்று. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை நோக்கி, 'நீ செய்தாய்' என்று சொல்லவும், 'நீ அதுவே அல்லை' என்று சொல்லவும் இக்கொள்கை இடந்தருகின்றது.

மூன்றாவது, செப்பனிடப்படுவது யாது என்பது. திக்குனால் உலகம் மட்டும் அன்றிப் பரம்பொருளும் நிறைவெய்தும் என்னும் கருத்தை டிராப் அவர்கள் பெரிதும் பாராட்டுகின்றனர். இறைவன் மனிதனுக்கு வேண்டுமாறு போல மனிதனும் இறைவனுக்கு வேண்டும் என்பது அதன் பொருள். அஃது உள்ளத்தை உருக்கும் கருத்தே. ஆயினும் குறைவிலா நிறைவாகிய சிவத்துக்கு நாம் நிரப்பவேண்டும் குறை யாதுளது? ஆளுடைய அரசர் உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல்லும் முள்ளும் களைந்தனர். அதனால் இறைவன் தூயன் ஆயினன் என்பார் யார்? செப்பமுற்றது தொண்டு செய்தாரும் அதனைக் கண்டாரும் ஆகிய உயிர்களே. கப்பாலா கூறும் பணியை நாம் ஏற்கின்றோம். அதன் பயனை மட்டும் வேறிடத்து வைக்கின்றோம்.

6. திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

மறைப்பும் நீதிமன்றமும் ஒருங்கு கூடிய வழக்கு ஒன்று நம் திருமுறையிலேயே உண்டு. அதனை எழுதியவர் பாடிக்குத் தெற்கே, பூவிருந்தவல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்து சோழ வேந்தனுக்கு அமைச்சராய் இருந்த சேக்கிழார் பெருமான். அரசியலும் வழக்கியலும் அறிந்தவராதலின் அவ்வழக்கின் ஒவ்வொரு படியையும் முறைபிறழாது வைத்தனர்.

புத்தூரில் நம்பியாரூரரின் திருமணத்தின்போது முதிய வேதியர் ஒருவர் வந்து, 'இவன் எனக்கு வழியடிமை' என்று ஓலை நீட்டினர். ஆரூரர் அவரைப் பித்தர் என்று இகழ்ந்து, ஓலையைப் பறித்துக் கிழித்தனர். கிழித்தது படியோலை; மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பட்டது. அவையத்தார் முதியவர் சொல்லை அப்படியே நம்பினாரும் அல்லர். பித்தர் கூற்று என்று தள்ளினாரும் அல்லர். பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கி, ஒத்தல் கண்டு, ஆரூரர் தோற்றார் என்று தீர்ப்பளித்தனர். பின்னர் முதியவரின் மனை யாது என வினவ, அவர் திருவருட்டுறைக் கோயிலினுட் புகுந்து மறைந்தனர்.

இவ்வழக்கில் மூன்று கருதத்தக்கன. அவையத்தார் சான்று கொண்டு தீர்த்தனர், தீர்ப்பும் சரியே. ஆயினும் வழக்குத் தொடுத்தவர் யாவர் என்பதை அவர் அறிந்திலர். சான்று உண்மையைத் தொடும். உண்மை முழுவதையும் காட்டாது. இனி, வடிவை மறைத்து வந்தவன் வஞ்சிக்க வந்தானல்லன், ஆட்கொள்ள வந்தான். பித்தன் என்று இகழப்பட்டவனே பிறைசூடியாயினான். இறுதியாக, இகழ்ந்த அச்சொல்லையே முதலாகக்கொண்டு பாடுக என அவன் பணித்தான். பிழையாகச் சொன்ன சொல்லே வழிபாட்டின் முதற்சொல் ஆயிற்று.

திருவெண்ணெய்நல்லூரே பிற்காலத்தில் மெய்கண்டார் சிவஞானபோதம் அருளிய தலமும் ஆயிற்று. மறைப்பினுள் அருள் இருந்ததை ஒரு வழக்காற் காட்டிய ஊரிலேயே, அம்மறைப்பின் இலக்கணத்தைச் சூத்திரமாக வகுத்த ஆசிரியரும் வாழ்ந்தனர்.

7. முடிவுரை

டிராப் அவர்களின் ஆராய்ச்சியால் நாம் பெறுவன இரண்டு. ஒன்று, பிறன் உள்ளத்தைத் தீர்ப்பிடுவதற்குமுன் அஞ்சும் அச்சம். அதனை அவர் நீதிமன்றத்திற் கற்றனர். மற்றொன்று, மறைப்பினை வெறும் இன்மையாகக் கருதாது, ஆக்கத்தின் வாயிலாகக் கருதும் நோக்கம். அதனைத் தம் முன்னோர் மறைஞானத்திற் கண்டனர். அவரோடு நாம் மாறுபடும் இடங்களை ஒளியாது கூறினோம். மாறுபாட்டினும் அவர்தம் உழைப்புப் போற்றத்தக்கது. திருமடங்களிற் சாத்திரம் பயிலும் இளைஞர், உளநூலையும் பிறசமய ஞானநூல்களையும் பரபக்கமாக முறையே கற்பாராயின், திரோதானம், ஆணவம், அவத்தை முதலிய நம் சொற்கள் பாடமாத்திரமாய் நில்லாது, மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் வாழும் மாந்தரை நோக்கிப் பேசும் சொற்களாகும். சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநோயாளர் இல்லம் கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனையாக வளர்ந்து நிற்கின்றது. பாடியினின்றும் அது நெடுந்தொலைவு அன்று. அங்குள்ளாரைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது யாது என ஒருவர் வினவினால், விடை நம்மிடம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

திருவலிதாயத்து வாயிலில் அமர்ந்திருந்தவனை மறுநாளும் கண்டோம். நடிப்போ நோயோ, நாம் அறியோம். அவன் வினையின் கணக்கும் நாம் அறியோம். அறிந்தது ஒன்றே: கரிக்குருவியுள் முனிவரையும் முதிய வேதியருள் முதல்வனையும் கண்டறியாத கண்களே நம் கண்கள். ஆதலின் முன்னாள் மூன்றாமவர் செய்ததனையே நாமும் செய்து, மருத்துவரிடம் அவனை அழைத்துச் செல்லுதற்குரியாரையும் நாடி வந்தோம்.

திருச்சிற்றம்பலம்.